அந்தி நடையும் அயலவர் துணையும்



கொழும்புக் காலிமுகத் திடலைக் காணாதவர்கள் உங்களிலே சிலராகத்தான் இருப்பீர்கள். அங்கே பட்டம் விட்டிருப்பீர்கள். இறால் வடை வாங்கிச் சுவைத்திருப்பீர்கள். கடற்காற்றிலே குடையைப் பறிகொடுத்துமிருப்பீர்கள். ஆனால் கடலை ஒட்டிச் செல்லும் நடைபாதையின் ஓரத்திலே உள்ள நினைவுக்கல்லை நின்று வாசித்தவர்கள் எத்தனை பேரோ? ஆங்கிலத்திலே பொறிக்கப்பட்ட சில வரிகள்தாம். காலிமுக நடைபாதை சேர் ஹென்றி வார்ட் அவர்களாலே 1856 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு 1859 இல் நிறைவு பெற்றது என்றும், கொழும்பு நகரத்துச் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நலன் கருதி அதனைப் பேணி வருமாறு தமக்குப் பின் பதவிக்கு வருவோரிடம் அவர் கேட்டுக்கொள்கிறார் என்றும் அவ்வரிகளின் சாரம் அமையும்.

சீமாட்டிகளும் சிறுவர்களும் என்று மட்டுமே கல் சொல்கின்றது. முதியவர்களைப் பற்றி அதிலே ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் இன்று வெயில் தாழ்ந்த பின்னர் அங்கே சென்று பார்ப்பவர்கள் யாரைக் காண்கின்றார்கள்? காதலர்கள் குடைக்குள்ளே இருக்கின்றார்கள். சிறுவர்கள் பட்டத்தோடு ஓடுகின்றார்கள். இவர்கள் எல்லாரும் ஒருநாள் வந்து ஒருநாள் வராமல் விடுகிறவர்கள். நாள் தவறாமல், ஏறக்குறைய ஒரே நேரத்திலே, இருவர் மூவராகச் சேர்ந்து, வடக்கிலிருந்து தெற்கும் தெற்கிலிருந்து வடக்குமாக நடப்பவர்கள் நரைத்த தலையினரே. கல்லிலே பெயர் இல்லாவிட்டாலும் பாதை இவர்களுக்கே உரியதாகிவிட்டது எனலாம். வயது போன காலத்திலே, அயலவரோடு கூடி, ஒரு வேலையுமின்றி நடப்பதற்காகவே நடக்கின்ற இந்த வழக்கம் எமக்கு எவ்வாறு வந்தது, அதற்கு என்ன நேர்ந்தது என்பதையே இன்றைய உரையிலே பார்க்கப் போகின்றோம்.

வார்ட் 1855 முதல் 1860 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர். கோப்பிப் பயிர்ச்செய்கை செழித்திருந்த காலம் அது. கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கான புகையிரதப் பாதைக்கு 1858 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3 ஆந் திகதி முதல் மண் வெட்டியவரும் அவரே. கொழும்பிலுள்ள வார்ட் பிளேஸ் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஒருபுறம் கோப்பியை விரைவாகத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் புகையிரதம். மறுபுறம் மெல்ல நடப்பதற்கு ஒரு கடலோரப் பாதை. இரண்டும் ஒரே மனிதருடைய ஆட்சிக்காலத்திலே தொடங்கின என்பதை நேயர்கள் சற்று நினைவிலே வைத்திருக்க வேண்டும். பிற்காலத்திலே, வேறோர் இடத்திலே, இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கப் போகின்றன.

1860 இலே வார்ட் சென்னை மாகாணத்தின் ஆளுநராக மாற்றம் பெற்றுப் போனார். போய் ஒரு மாதம் அளவிலேயே, ஆகஸ்ட் 2 ஆந் திகதி, கொலரா நோயினால் அங்கே காலமானார். அப்போது அவருக்கு வயது 63. பிறர் காற்று வாங்குவதற்குப் பாதை அமைத்தவருக்கு ஓய்வு பெற்று நடக்கும் காலம் வாய்க்கவில்லை.

திடல்தானும் உலாவுவதற்கென்று உண்டானதன்று. ஒல்லாந்தர் கோட்டையிலே இருந்த காலத்தில், பீரங்கிக் குண்டுகள் தடையின்றிப் பாய்வதற்காக வெட்டவெளியாக வைத்திருந்த நிலம் என்பர். பிரித்தானியர் காலத்திலே அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. 1893 இலே பந்தயம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. கிரிக்கெட்டும் கொல்ப் விளையாட்டும் அங்கே ஆடப்பட்டன. மாலை வேளைகளிலே துரைமாரும் துரைசானிமாரும் குதிரை வண்டிகளிலே வந்து காற்று வாங்கினார்கள். அவர்களைப் பார்த்தே எமது ஆங்கிலம் படித்த உத்தியோகத்தர்கள் இந்த வழக்கத்தைப் பழகினார்கள் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரக்கூடும். ஆனாலும் உண்மை பெரும்பாலும் அதுதான்.

ஏன் அப்படிச் சொல்கின்றேன் என்றால், எமது பழைய இலக்கியங்களிலே நடப்பவர்களுக்குக் குறைவில்லை. சும்மா நடப்பவர்களைத்தான் காண்பது அரிது. பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பாணரும் பொருநரும் கூத்தரும் காடும் மலையும் கடந்து நடக்கின்றார்கள். எதற்காக? பரிசில் தரும் வள்ளலைத் தேடி. திருமுருகாற்றுப்படையிலே முருகன் அருளைத் தேடி. சிலப்பதிகாரத்திலே கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கின்றார்கள். பிழைப்புத் தேடிப் போகின்ற நடை அது. அவர்களோடு வழித்துணையாகக் கூடச் செல்கின்ற கவுந்தியடிகள் வயது முதிர்ந்த சமணத் துறவி. முதுமையிலே பிறரோடு சேர்ந்து நடந்தவர் என்ற வகையிலே அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவருக்கும் மதுரையிலே அறவோரைக் கண்டு வழிபட வேண்டும் என்ற நோக்கம் இருந்தது. கயிலைக்குப் புறப்பட்ட முதுபெரும் அப்பர் சுவாமிகளோ, கால் தேய்ந்த பின்பு கையால் ஊன்றியும் மார்பால் ஊர்ந்தும் உடலால் உருண்டும் சென்றார் என்று சேக்கிழார் பெரியபுராணத்திலே பாடுகின்றார். இன்றும் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை பாதயாத்திரை செல்வோரிலே எழுபது கடந்தவர்களைக் காணலாம். அது நேர்த்தியின்பாற்பட்டது, உலாத்தல் அன்று.

உலா என்றே ஒரு பிரபந்த வகை தமிழிலே உண்டே என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. உண்டுதான். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞான உலா அதன் முதல் நூல்; ஒட்டக்கூத்தரின் மூவருலா புகழ்பெற்றது. ஆனால் அங்கே தலைவன் நடப்பதில்லை. யானையிலோ தேரிலோ பவனி வருகின்றான். பார்த்து மயங்குகிறவர்கள் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்துப் பெண்கள். பேரிளம்பெண் பருவம் நாற்பதோடு முடிந்துவிடுகின்றது. நாற்பதைக் கடந்தவர்களுக்கு உலா இலக்கியத்திலே பார்வையாளராகக்கூட இடமில்லை! நாற்பதைக் கடந்துவிட்ட எனக்கு இதை வகுப்பிலே சொல்லும் போதெல்லாம் சற்று மனத்தாங்கல் வருவதுண்டு.

ஆக, வேலையற்ற நடைக்கு வேலையற்ற மாலைப்பொழுது வேண்டும். முதுமையிலே அந்த மாலைப்பொழுதை எமக்குத் தந்தது ஓய்வூதியமே. தோட்டக்காரர் ஒருவர் எழுபது வயதிலும் துலா மிதிப்பார், பாத்தி கட்டுவார், புகையிலைக்கு மருந்தடிப்பார். பகல் முழுதும் காலால் உழைத்தவருக்குப் பின்னேரம் உட்கார்ந்திருக்கத்தான் ஆசை. அரசாங்கத்திலே கிளாக்கராகவும் ஆசிரியராகவும் தபாலதிபராகவும் ஓவசியராகவும் இருந்து, ஐம்பத்தைந்து அளவிலே பென்சன் எடுத்தவருக்கோ உடம்பிலே தெம்பு மிச்சம். நேரம் அதைவிட மிச்சம்.

யாழ்ப்பாணத்திலே இந்த வகையினரின் முன்னோடிகள் மலாயன் பென்சனியர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். அங்கே புகையிரதப் பகுதியிலும் பொதுவேலைப் பகுதியிலும் கந்தோர்களிலும் கடமையாற்றி, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினார்கள். கல்வீடு கட்டினார்கள், கோயில்களுக்கு மணி வாங்கிக் கொடுத்தார்கள், மாலையிலே கையிலே பிரம்பும் தோளிலே சால்வையுமாக வீதிக்கு இறங்கினார்கள். அதே உத்தியோகம் பார்த்து அதே வயதிலே வந்த இன்னொருவர் அடுத்த ஒழுங்கையிலே இருந்தார். அவரும் இறங்கினார். கோலாலம்பூரிலே நடந்த கதையைக் கேட்பதற்கு வீட்டிலே ஆளில்லை. மனைவி நூறு தரம் கேட்டுவிட்டார். வீதியிலே கேட்பதற்கு ஆள் இருந்தது. ஊரிலே மாலை நடை வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கின்றேன்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. வயது வந்த பெண்கள் நாலு பேர் சேர்ந்து காற்று வாங்கப் போவதை ஊர் ஏற்காது. அவர்களுக்குக் கோயில் வீதி இருந்தது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் விடியற்காலையிலே அயற் கிராமங்களிலிருந்து கூட்டமாக நடந்து வருகின்ற மூதாட்டிகளைப் பாருங்கள். பக்தி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வழிநெடுக அவர்கள் பேசுகின்ற பேச்சும் சிரிக்கின்ற சிரிப்பும் தேவாரம் அன்று. இன்னுமொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அயலவர் என்று நாம் சொல்லும்போது எல்லா அயலவரையும் சொல்லவில்லை. மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் வாசலில் நிற்க வேண்டியிருந்தது 1968 இலே. வெகு காலம் முந்திய கதை அன்று. வாசலிலே தடுக்கப்பட்டவரோடு மாலையிலே தோளோடு தோள் நடந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

மேலைநாட்டுச் சிந்தனையாளர்களிலே நடைக்குப் பேர்போனவர் ஜெர்மானிய தத்துவஞானி கான்ட். கோனிக்ஸ்பேர்க் நகரிலே அவர் குறித்த நேரத்துக்கு நடை புறப்படுவது ஊரறிந்த செய்தி. அவர் முதுமையிலே தனியாகவே நடக்க விரும்பினார் என்றும், பேசினால் வாயால் மூச்சு வாங்க நேரும், மூக்கால் மட்டுமே மூச்சு விடுவது உடம்புக்கு நல்லது என்பது அவர் எண்ணம் என்றும் அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். பேரறிஞர்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பென்சனியர் யாரும் அவரோடு இரண்டு நாளைக்கு மேல் நடந்திருக்க மாட்டார்கள்.

வைத்தியர்கள் இந்த விடயத்துக்குச் சற்றுப் பிந்தித்தான் வந்தார்கள். லண்டன் மாநகரப் போக்குவரத்து ஊழியர்களை ஆராய்ந்த ஜெரமி மொரிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1953 இலே தமது முடிவுகளை வெளியிட்டனர். இரட்டைத் தட்டு பஸ் வண்டியிலே நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் சாரதிகளைவிட, படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவு என்பது அவர்கள் கண்டது. வயோதிபர்களின் நடையைப் பற்றியே நேரடியாகச் சொன்ன ஆய்வு ஒன்று 1998 இலே வெளிவந்தது. ஹவாய்த் தீவுகளிலே வாழ்ந்த, ஜப்பானிய வழிவந்த, புகைப்பழக்கமற்ற ஓய்வுபெற்ற ஆண்கள் 707 பேரை ஹொனலூலு ஆய்வாளர்கள் 12 ஆண்டுகள் கவனித்தார்கள். தொடக்கத்திலே அவர்களின் வயது 61 முதல் 81 வரை. நாளொன்றுக்கு ஒரு மைலுக்குக் குறைவாக நடந்தோரின் இறப்பு வீதம், இரண்டு மைலுக்கு மேல் நடந்தோருடையதைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. நன்றாக நடந்தவர்களிடையே 12 ஆண்டுகளிலே நிகழ்ந்த அளவு இறப்பு, நடவாதவர்களிடையே ஏழு ஆண்டுகள் முடிவதற்குள்ளேயே நிகழ்ந்துவிட்டது. இப்போது எல்லோரும் சொல்லுகின்ற பத்தாயிரம் அடிக் கணக்கோ 1965 அளவிலே ஜப்பானிலே விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர் எழுதித் தந்த அளவு அன்று.

ஹொனலூலுக் கணக்கு மைல்களின் கணக்கு. நான் காண்கின்ற கணக்கு வேறு. எங்கள் ஒழுங்கையிலே ஓய்வு பெற்றவர்கள் ஆறேழு பேர் காலையிலே கடற்கரைப் பக்கமாக நடந்து வருகின்றார்கள். ஆசிரியத் தொழிலிலே இருப்பதாலோ என்னவோ, அவர்களைப் பார்க்கும்போது எனக்கு வரவு இடாப்பு நினைவுக்கு வருகின்றது. ஒருவர் ஒருநாள் வராவிட்டால் திரும்பும் வழியிலே அவருடைய படலையிலே இரண்டு பேர் நிற்பார்கள். “என்ன, நேற்றுக் காணேல்லை?” என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலுமாக இருக்க, இந்த நகரத்திலே தனித்திருக்கும் முதியவரை இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லித் தேடுகின்ற வேறு ஏற்பாடு எதுவும் எனக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளே வழுக்கி விழுந்து கிடந்த ஒரு அம்மையார் இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டார். அவர் நடக்கிறவர்களோடு சேர்ந்து மூன்று வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

நடக்க விரும்பும் கால்களும் கூட நடக்க ஓர் அயலவரும் இருந்தால் மட்டும் போதாது, நிலமும் வேண்டும். அந்த நிலம் ஆளுவோரின் தயவிலே இருந்து வந்திருக்கின்றது. காலிமுகத் திடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆந் திகதி, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் செல்வநாயகம் தலைமையிலே தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்ததும், அடித்து விரட்டப்பட்டதும் அந்தப் புல்வெளியிலேதான். 2022 ஏப்ரல் 9 முதல் இளைஞர்கள் கூடாரமடித்துப் போராடியதும் அதே இடத்திலேதான். சீமாட்டிகளுக்கும் சிறுவர்களுக்குமென்று கல்லிலே எழுதிவைத்த நிலத்துக்கு இத்தனை வரலாறு.

யாழ்ப்பாண நகரத்துக்கும் உலாவும் இடங்கள் இருந்தன. அரசாங்க அதிபராக நெடுங்காலம் இருந்த டைக் அமைத்த பழைய பூங்கா, சுப்பிரமணியம் பூங்கா, கோட்டைக்கும் நூலகத்துக்கும் நடுவே முற்றவெளி, அப்பால் பண்ணைக் கடல். 1981 இலே நூலகம் எரிந்தது. 1990 இலே கோட்டை முற்றுகையோடு அந்தப் பகுதியே ஆளரவம் அற்றுப்போனது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தோடு யாழ்தேவியும் நின்றது. இங்கேதான், நேயர்களே, வார்ட்டின் இரண்டு பாதைகளும் சந்திக்கின்றன.

1905 ஆம் ஆண்டிலே கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த புகையிரதப் பாதை வெறுமையாகக் கிடந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போய்விட்டன. எஞ்சியது நேராகச் செல்லும் ஒரு மேடு. வலிகாமத்திலே அந்தப் பாதைக்கு அருகே எங்கள் ஊர். தாய்வழிப் பேரனாரை நாங்கள் அப்பு என்போம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரோடு ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர் ஒருவர், தபாலதிபர் ஒருவர், மகன்மார் வெளிநாடு போனபின் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்ட கமக்காரர் ஒருவர். நால்வருமே ஒரு வேலி இரண்டு வேலி தள்ளி இருந்தவர்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு மேட்டிலே ஏறினால் அடுத்த நிலையம் வரை போவார்கள். கூரை போன நிலையத்துச் சீமெந்து வாங்கிலே சற்று இருப்பார்கள். நிலைய அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இப்ப மெயில் வெளிக்கிடுற நேரம்” என்பார். அதுதான் திரும்புவதற்குக் குறிப்பு. பொம்பர் இரைச்சல் கேட்டால் மேட்டிலிருந்து இறங்கிப் பனைகளுக்குள்ளே நிற்பார்கள். இரைச்சல் ஓய்ந்ததும் விட்ட கதையைத் தொடர்வார்கள்.

இரவிலே மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் பெடலைச் சுற்ற, டைனமோவிலே வானொலி பாடும். தமிழோசைச் செய்தி முடியும்வரை நால்வரும் எங்கள் விறாந்தையிலே இருந்து கேட்பார்கள். பிரியும்போது, “நாளைக்கும் வருவியள்தானே?” என்று ஒருவர் கேட்க, “நாளை எண்டு ஒண்டிருந்தால்” என்று மற்றவர் சொல்வார். தினமும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. எனக்கு அப்போது அது சலிப்பாக இருந்தது.

1995 ஒக்டோபரிலே எறிகணைகள் நெருங்கியதால் அவர்களுடைய நடை படலையோடு நின்றிருந்தது. 30 ஆந் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறுமாறு ஒலிபெருக்கியிலே அறிவித்தார்கள். அன்றிரவு மழையிலே, சில இலட்சம் மக்கள் ஒரே வீதியிலே, செம்மணியைக் கடந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். நின்று நின்று, ஓர் அடி வைப்பதும் காத்திருப்பதுமாக விடிய விடிய நடந்தோம். அந்த நெரிசலிலும் நால்வரும் பிரியவில்லை. வழக்கம்போலக் கமக்காரர் முன்னே. முழங்கால் வருத்தத்தால் அப்பு கடைசி. பாலத்துக்கு அருகே நெடுநேரம் நின்றபோது நிலைய அதிபர் குடையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்: “மாஸ்டர், இண்டைக்கு எவடத்திலை திரும்புறது?”

அப்பு பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போது வயது பதினாறு. நடைக்கும் இந்த நடைக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கேள்வியிலே எனக்கு விளங்கியது. வீட்டுக்குத் திரும்பலாம் என்று தெரிந்திருந்தபடியால்தான் முன்னர் மைல் கணக்கிலே சிரித்துக்கொண்டு போனார்கள்.

தபாலதிபர் தென்மராட்சியிலேயே காலமானார். கமக்காரர் வன்னிக்குப் போனார். பின்னர் அவரைப் பற்றிய செய்தி கிடைக்கவில்லை. 1996 இலே ஊருக்குத் திரும்பியவர்கள் அப்புவும் நிலைய அதிபருமே. பொழுது சாய்ந்ததும் ஊரடங்கு. வீதியிலே தலை காட்ட இயலாது. ஆனால் யாழ்ப்பாணத்து வேலிகளிலே பொட்டு என்று ஒன்று உண்டு. அயல் வீடுகளுக்குப் போய்வருவதற்குக் கிடுகை விலக்கி வைத்த இடைவெளி. ஊரடங்கு வீதிக்குத்தான், பொட்டுக்கு அன்று. எங்கள் கிணற்றடியிலிருந்து புறப்பட்டுப் பொட்டாலே புகுந்து, நிலைய அதிபரின் வளவிலே நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்தைச் சுற்றி, மறுபடியும் கிணற்றடி. ஒரு பின்னேரத்துக்கு முப்பது சுற்று. சுற்றுக்கு ஒரு கூழாங்கல்லைக் கிணற்றுக் கட்டிலே வைத்து எண்ணினார்கள். பொட்டிலே இருவரும் ஒருசேரப் போக முடியாது. ஒருவர் நின்று மற்றவருக்கு வழிவிட வேண்டும். வயதிலே மூத்தவர் என்று அப்புவையே நிலைய அதிபர் முன்னே போக விடுவார். இப்படி ஆறு வருடம்.

2002 ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின் பின் ஒரு மாலை இருவரும் பழைய மேட்டுக்குப் போனார்கள். பற்றை மண்டிக் கிடந்தது. பத்து நிமிடத்திலே திரும்பி வந்து பொட்டடியிலேயே மிச்சத்தை நடந்து முடித்தார்கள். அடுத்த ஆண்டு அப்பு காலமானார்.

புகையிரதம் 2014 ஒக்டோபரிலே யாழ்ப்பாணம் வரையும், மறு ஜனவரியிலே காங்கேசன்துறை வரையும் மறுபடி ஓடத் தொடங்கியது. பழைய மேட்டிலே புதுத் தண்டவாளம். இனி அதிலே யாரும் நடக்க முடியாது. அந்தத் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தொண்ணூறை நெருங்கிய நிலைய அதிபர் என் கையைப் பிடித்துக்கொண்டு கடவையடிக்கு வந்தார். வண்டி வந்தது, போனது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. “வீட்டை போவமே, ஐயா?” என்று கேட்டேன். “கொஞ்சம் சுத்திப் போவம்” என்றார்.

வீதியாலே மெல்ல நடந்தோம். ஒழுங்கை முடக்கிலே படலையைத் திறந்துகொண்டு நின்ற ஒரு மூதாட்டி, “என்ன, நடையோ?” என்று கேட்டார்.

“ஓம், நடைதான். நீங்களும் வாருங்கோவன்” என்றார் அவர்.